மிராந்தா ஹோட்டல் மாடிக் கூடம்

ருஷ்யாக்காரன் வானத்துக்கு நாயை அனுப்பிய வருஷத்துக்கு மறு வருஷம், பொங்கல் கரும்பின் சக்கை இன்னும் தெருவில் காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த மிராந்தா ஹோட்டலின் மாடிக் கூடத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எதற்கும் எடை இல்லாமல் போயிற்று.

அப்போது அங்கே விண்வெளிக் கதை எழுதுகிறவர்களின் முதல் மாநாடு நடந்துகொண்டிருந்தது. அரியலூர் போஸ்ட்மாஸ்டர் சபாபதி எழுந்து நின்று, ஒரு நட்சத்திரத்துக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கும் நடுவில் எவ்வளவு வெறுமை கிடக்கிறது என்று தன் கதையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் மீன் குழம்பின் மயக்கத்தில் கண் சொருகிக் கிடந்தார்கள். முதலில் தட்டில் இருந்த மக்ரூன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, அப்புறம் டம்ளரில் இருந்த சர்பத் உருண்டையாகத் திரண்டு வெளியே வந்தது, அப்புறம் நாற்காலிகளும் நாற்காலியில் இருந்தவர்களும். யாரும் கத்தவில்லை. இத்தனை காலமாக இதைத்தானே எழுதிக்கொண்டிருந்தோம் என்கிற மாதிரி வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். சபாபதி தலை விட்டத்தில் இடிக்கும் வரைக்கும் வாசிப்பை நிறுத்தவில்லை. இன்னும் எத்தனை காபி வேண்டும் என்று கேட்க மாடியேறி வந்த ஹோட்டல் முதலாளி கஸ்பார் மிராந்தா, நிலைப்படிக்கு வெளியே நின்று மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏலே, தோணிக் கயிறு ரெண்டு சுருள் கொண்டா.”

மாநாட்டைக் கூட்டியது கஸ்பாரின் மகள் தெக்ளா. கப்பல்காரர்கள் தங்கிப் போகிற ஹோட்டல் அது; அவர்கள் போகும்போது காலி பாட்டில்களையும், கிழிந்த பனியன்களையும், அட்டையில் ராக்கெட்டும் பச்சை முகத்துக்காரிகளும் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகளையும் விட்டுவிட்டுப் போவார்கள். பாட்டில் கடைக்குப் போகும், பனியன் துடைக்கிற துணியாகும், பத்திரிகை தெக்ளாவிடம் போகும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் படித்து, ஒருநாள் அவளே எழுதத் தொடங்கினாள். செவ்வாய்க் கிரகத்தில் உப்பளம் போட்டவர்களின் கதை, வால்நட்சத்திரத்துக்கு வலை வீசினவனின் கதை. டி. மிராந்தா என்ற பெயரில் வாரப் பத்திரிகைகளில் அவை வந்தன. அதே மாதிரிப் பைத்தியம் பிடித்த மற்றவர்கள் அரியலூரிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கடிதம் போட்டார்கள். எல்லோரும் ஒருநாள் பார்த்துக்கொண்டால் என்ன என்று அவள்தான் கேட்டாள், எங்கள் ஹோட்டலில் கூடம் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

ரயிலிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஹோட்டல் வாசலில் நின்று, “மிராந்தா சார் இருக்காரா?” என்று கேட்டார்கள். நான்தான் என்றாள் தெக்ளா. மதுரையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்திய வேதமூர்த்தி, தமிழில் வான்வெளிக்கு வழி திறந்தவர் தாங்கள்தான் என்று அவளுக்கு நாலு பக்கம் எழுதியவர், அவளை உச்சி முதல் கால் வரை பார்த்தார்.

“அப்படியா, சந்தோஷம். கதைகளை அப்பா திருத்திக் கொடுப்பாரோ?”

அன்றைக்கு மேடையில் தலைவர் நாற்காலியில் வேதமூர்த்தி உட்கார்ந்தார். தெக்ளா காபி கொடுத்தாள். கூடம் எடையிழந்தபோது அவள் கையில் தட்டு இருந்தது. தட்டும் மிதந்தது, அவளும் மிதந்தாள், ஆனால் நெஞ்சில் ஒன்று மட்டும் கல்லாக அப்படியே இருந்ததை அவள் கவனித்தாள்.

மாநாடு முடிந்து அவர்கள் ஊருக்குப் போன பிறகும் கூடம் அப்படியேதான் இருந்தது. கஸ்பார் தரையில் இரும்பு வளையங்கள் அடித்து, வருகிறவர்கள் கணுக்காலில் கட்டிக்கொள்ளக் கயிறு முடிந்துவைத்தார். சுவரோரம் பிடித்து நகர வடம் ஓட்டினார். மிதந்தவாக்கில் யாரும் ஜன்னல் வழியே வெளியே போய், எடை திரும்பித் தெருவில் விழுந்துவிடக் கூடாதென்று ஜன்னல்களுக்கெல்லாம் பழைய மீன்வலை கட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதன் உபயோகத்தை முதலில் கண்டுபிடித்தவன் இசக்கிமுத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஹோட்டலுக்கு அரிசி கொண்டுவந்தவன், கீழே இடமில்லை என்று மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள் என்று கூடத்துக்குள் நுழைந்தான்; மூட்டை முதுகை விட்டுத் தானாகக் கிளம்பியது; பதினைந்து வயதிலிருந்து வளைந்தே இருந்த முதுகு, எண்ணெய் போட்ட கீல் மாதிரி, மெள்ள நிமிர்ந்தது. அவன் அங்கேயே காற்றில் படுத்துத் தூங்கிப் போனான். மறுநாள் தன்னோடு வேலை பார்க்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பின்னால் உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள், உப்பு அரித்த பாதத்தைத் தரையில் ஊன்றாமல் ஒரு மணி நேரம் இருக்க. அவர்களுக்குப் பின்னால் மாசமாக இருந்தவர்கள், நடக்க மாட்டாத கிழவர்கள், முடக்குவாதக்காரர்கள். பங்குச் சாமியார் இது எந்தப் பக்கத்து வேலை என்று விசாரிக்க வந்து, வீங்கிய முழங்காலோடு உள்ளே போய், வெளியே வரும்போது இதற்கெல்லாம் பிஷப்பைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நகராட்சிக்காரர் மிதக்கிற இடத்துக்குத் தரைப்பரப்பு வரி போடலாமா என்று மேலிடத்துக்கு எழுதினார், பதில் வரவில்லை. கருப்பட்டி வியாபாரி ஒருவர் சரக்கு நிறுத்து வாங்கத் தராசோடு வந்தார். அவரைக் கஸ்பார் விரட்டினார். மற்றபடி யாரையும் விரட்டவில்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை.

“கடல் கெடக்கு, காத்து கெடக்கு, இதுவும் கெடந்துட்டுப் போவுது. இதுக்கு நாம யாரு துட்டு கேக்க?” என்றார் கஸ்பார்.

நாலாவது வருஷம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பஞ்சுப் பொதி அடுக்கு சரிந்து இசக்கிமுத்துவின் மேல் விழுந்தது. முதுகெலும்பு நொறுங்கிவிட்டது, இனி படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். படுத்தால் தன் உடம்பே தன் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டியது அவனுக்கு. மூட்டைக்காரர்கள் அவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக் கூடத்துக்குள் கொண்டுவந்து விட்டார்கள். எடை போனதும் மூச்சு வந்தது, கொஞ்ச நாளில் கைகள் வந்தன, வடத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் போகப் பழகினான். அதன்பின் அவன் கீழே இறங்கவே இல்லை. அவன் மனைவி பேச்சித்தாய் உப்பளத்திலிருந்து சாயங்காலம் நேராக அங்கேதான் வருவாள். அவன் வலை பின்னினான், பிள்ளைகளுக்குக் கரணம் போடக் கற்றுக்கொடுத்தான், தெக்ளா புதுக் கதை எழுதினால் அதை முதலில் கேட்பவனாகவும் ஆனான்.

“ஒங்க செவ்வாயில மூட்டைய யாரு தூக்குதாவ?” என்று ஒருநாள் கேட்டான்.

“அங்க எல்லாம் மெசின் தூக்கும் இசக்கியண்ணே.”

“மெசின கப்பல்ல இருந்து யாரு எறக்குனது?”

அவள் அந்தக் கதையைத் திரும்ப எழுதினாள்.

மாநாடோ வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. எடையில்லாத கூடத்தில் விண்வெளிக் கதை மாநாடு என்று பத்திரிகைகள் படம் போட்டன. சங்கம் உண்டாகி, வேதமூர்த்தி அதற்கு நிரந்தரத் தலைவரானார். பத்துப் பேர் வந்த இடத்தில் இருநூறு பேர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மார்பில் அட்டையுமாக, ரயிலை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். மாநாட்டு நாட்களிலும் மூட்டைக்காரர்கள் வேலை முடிந்து வருவதை நிறுத்தவில்லை. அதில்தான் சங்கடம் வந்தது. எடையில்லாத இடத்தில் வியர்வை கீழே விழாது. மூட்டைக்காரர்களின் முதுகிலிருந்து அது சின்னச் சின்ன மணியாகக் கிளம்பி, கூடமெங்கும் அலைந்து, எதிர்ப்பட்ட வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு உப்புக் கறையாகும். பிரதிநிதிகள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, இன்னொரு கிரகத்தில் ஏற்றத்தாழ்வு இல்லாத சமுதாயம் அமைப்பதைப் பற்றி வாசித்தார்கள். தெக்ளா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுதுகிறவர்கள் இன்றில்லாவிட்டாலும் நாளைக்குத் திருந்துவார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பின்னாளில் அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

கஸ்பார் இறந்த மறு வருஷம், மாநாட்டைத் திறந்துவைக்க ஒரு மந்திரி வருவதாக ஏற்பாடாயிற்று. ஹோட்டல் பொறுப்பு அப்போது தெக்ளாவின் தம்பி கிளமென்ட் கைக்கு வந்திருந்தது. வெளியூர்ப் பிரதிநிதிகளை வரவேற்க வேண்டும் என்று தெக்ளாவை ரயிலடிக்கு அனுப்பினார்கள். அவள் இரண்டு குதிரை வண்டி நிறைய ஆட்களோடு திரும்பியபோது மாடிப்படியின் அடியில் ஒரு பலகை தொங்கியது: பிரதிநிதிகளுக்கு மட்டும். பக்கத்தில் அட்டை குத்திய தொண்டர்கள் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே தெருவில், வெயிலில், உப்பளத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“இசக்கியண்ணன் எங்க?” என்றாள் தம்பியிடம்.

கிளமென்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஸ்டோர் ரூம்ல படுக்க வச்சிருக்கு. மாநாடு முடியுத வரைக்கும்தான். தலைவர் கேட்டுக்கிட்டாரு. மந்திரி வார எடத்துல அவரு அந்தரத்துல கெடந்தா நல்லாவா இருக்கும்?”

ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைகளுக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் சிமென்ட் தரையில் கோணிச் சாக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். இசக்கிமுத்து அதில் கிடந்தான். தண்ணீரை விட்டு வெளியே போட்ட மீனின் வாய் மாதிரி அவன் வாய் திறந்து திறந்து மூடியது. நிலைப்படியைத் தாண்டியபோது, இத்தனை வருஷம் இல்லாதிருந்த எடை மொத்தமும் ஒரேயடியாக அவன் மேல் விழுந்திருந்தது. பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“மூச்சு கனக்கு தெக்ளாம்மா,” என்றான் அவன். “மூச்சுக்கு இம்புட்டு கனம் உண்டுமா?”

தெக்ளா படியேறினாள். தடுக்க வந்த தொண்டன் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினான். கூடத்தில் இருநூறு பேரும் கணுக்கால் கயிற்றில், காற்றில் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். மந்திரி மாலையோடு நின்றிருந்தார். மாலை அவர் முகத்தைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. வேதமூர்த்தி ஒலிபெருக்கி முன்னால், பாரம் என்ற சொல்லையே மறந்துவிடப் போகிற மனிதகுலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“இசக்கியண்ணனக் கீழ எறக்கச் சொன்னது யாரு?”

“தெக்ளா, மந்திரி இருக்கார். அப்புறம் பேசலாம்.”

“மந்திரியும் கேக்கட்டும். யாரு சொன்னது?”

வேதமூர்த்தி ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினார். “நான்தான். மூன்று நாளைக்குத்தானே? அந்த ஆளுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும். எத்தனை பேர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் பாருங்கள். நாம் இங்கே உட்கார்ந்து மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பேசுகிறோம், சின்ன விஷயங்களைப் பெரிசு பண்ணக் கூடாது.”

“ஒங்க மனிதகுலம் இப்ப வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல மூச்சு விட முடியாமக் கெடக்கு. போய் ஒரு எட்டு பாருங்க.”

“உணர்ச்சிவசப்படுகிறீர்கள்.”

“ஆமா. ஒங்கள்ல நாலு பேரு எறங்கி வந்து அவரத் தூக்குங்க. அப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க.”

சபாபதி மட்டும் குனிந்து தன் கணுக்கால் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். வயதான விரல்கள்; நேரம் பிடித்தது. மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள், வலை கட்டிய ஜன்னலைப் பார்த்தார்கள், கையில் வைத்திருந்த தங்கள் கதைகளைப் பார்த்தார்கள். சபாபதி வடத்தைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து வெளியே போகும் வரைக்கும் அந்தக் கூடத்தில் வேறு எந்தக் காலும் அசையவில்லை.

இப்போது கூடம் இவர்களைக் கீழே போட்டுவிடும் என்று தெக்ளா உண்மையாகவே எதிர்பார்த்தாள். இவ்வளவு பெரிய அதிசயத்தைச் செய்யத் தெரிந்த இடத்துக்கு இது கூடவா தெரியாது என்று காத்திருந்தாள். கூடம் போடவில்லை. இசக்கிமுத்துவை எவ்வளவு பதமாகத் தாங்கியதோ அவ்வளவு பதமாக வேதமூர்த்தியையும் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. அப்பன் தெரிந்தே ஆள் பார்க்காததும் அது தெரியாமல் ஆள் பார்க்காததும் ஒன்றல்ல என்பது அவளுக்கு விளங்கிய அந்த நிமிஷத்தில், காபித் தட்டோடு மிதந்த முதல் நாளிலிருந்து அவள் முழுங்கி முழுங்கி வைத்திருந்த கோபம் எல்லாம் கைக்கு இறங்கிவிட்டது.

அவள் ஒரு காலைச் சுவர் வடத்தில் கோத்துக்கொண்டாள். குனிந்து வேதமூர்த்தியின் கயிற்றைத் தரை வளையத்திலிருந்து அவிழ்த்தாள். எடையில்லாத மனிதனை இழுக்க ஒரு கை போதும். பிடிக்க எதுவும் இல்லாமல், காற்றை நீந்திக்கொண்டு, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, வேதமூர்த்தி அவள் பின்னால் வந்தார். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி அவரைக் கூடத்தின் நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போய், நிலைப்படிக்கு வெளியே தள்ளிவிட்டாள். அங்கே அவருடைய எடை அவருக்காகக் காத்திருந்தது. படியில் முழங்கால் இடித்து விழுந்த சத்தம் கீழே தெருவில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கேட்டது.

அவள் திரும்பி வந்து அடுத்தவரை அவிழ்த்தாள். அதற்கடுத்து மந்திரி. வெளியே விழுந்தவர் எழுந்திருப்பதற்குள் அடுத்தவர் அவர் மேல் விழுந்தார். நாற்பது ஐம்பது பேரை அவள் இழுத்துப் போட்ட பிறகு மிச்சமிருந்தவர்கள் தாங்களே அவிழ்த்துக்கொண்டு, நிலைப்படி வந்ததும் ஜாக்கிரதையாகக் காலை ஊன்றி, சட்டையைச் சரி செய்துகொண்டு இறங்கிப் போனார்கள். அப்படி ஜாக்கிரதையாகப் போனவர்கள் மேல்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அதற்குள் உப்பளத்துப் பெண்கள் துறைமுகத்துக்கு ஓடிச் சொல்ல, மூட்டைக்காரர்கள் தோணியில் பாதி ஏற்றிய சரக்கை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஸ்டோர் ரூமில் சபாபதி வேட்டியெல்லாம் வெங்காயச் சருகோடு உட்கார்ந்து இசக்கிமுத்துவின் தலையை மடியில் வைத்திருந்தார். பலகையில் வைத்து அவனை மாடிக்குக் கொண்டுபோனார்கள். நிலைப்படியைத் தாண்டியதும் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் பழைய மாதிரி கைகள் திரும்பவில்லை. அந்த அரை நாள் தரையில் கிடந்ததில் எதுவோ அறுந்துவிட்டது. அதன்பின் அவன் ஜன்னலுக்கு ஜன்னல் போகவில்லை, பேச்சித்தாய் எந்த ஜன்னலோரம் கட்டினாளோ அங்கே இருந்தான்.

மந்திரியின் முழங்காலில் சிராய்ப்பு என்பதால் ஹோட்டலின் லைசென்ஸ் போயிற்று. கிளமென்ட் அக்காளைப் பைத்தியக்காரி என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குக் கப்பலேறினான். தெக்ளாவின் கதைகளை எந்தப் பத்திரிகையும் அப்புறம் போடவில்லை. எல்லாப் பத்திரிகைகளிலும் சங்கத்துக்காரர்கள் இருந்தார்கள். மாநாடுகள் சென்னைக்குப் போயின. சங்கம் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டபோது, தொடக்க காலக் கூட்டங்கள் தெற்கே ஒரு துறைமுக நகரத்து விடுதியில் நடந்தன என்றும், தலைவரின் முதல் உரையின்போதுதான் கூடம் எடையிழந்தது என்றும் எழுதியிருந்தது. சபாபதி அதை வாங்கி, அந்தப் பக்கத்தை மடித்து அவளுக்கு அனுப்பிவைத்தார். தெக்ளா அதை ஒரு தரம் படித்தாள். இசக்கிமுத்துவுக்கும் வாசித்துக் காட்டினாள்.

“நீங்க அன்னைக்கு அவிய கழுத்துல கயிறக் கெட்டியிருக்கணும் தெக்ளாம்மா,” என்றான் அவன். “கால்ல கெட்டினது தப்பு.”

பெயர்ப்பலகை இறக்கிய ஹோட்டலில் கூடம் மட்டும் திறந்திருந்தது. மூட்டைக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு பெருக்கினார்கள், வலை மாற்றினார்கள், இற்றுப்போன வடத்துக்குப் புது வடம் கொண்டுவந்து ஓட்டினார்கள். அப்படி எத்தனையோ வருஷம் போனது. தெக்ளாவுக்கு முடி நரைத்தது. கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று அவளிடம் சொன்ன பங்குச் சாமியார்கள் மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் இசக்கிமுத்து காற்றிலேயே செத்துப்போனான். பேச்சித்தாய் கஞ்சி கொண்டுவந்து எழுப்பியபோது உடம்பு கயிற்றில் மெள்ள ஆடிக்கொண்டிருந்தது. கூடத்துக்குள்ளேயே பாடை கட்டினார்கள். தூக்குவதற்கு மூட்டைக்காரர்கள் நின்றபோது தெக்ளா முன்பக்க மூங்கிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“பொம்பள தூக்கப்புடாதுக்கா,” என்றார் அவர்களில் மூத்தவரான சுடலைமாடன். “வழக்கம் கெடையாது. நீங்க வேதக்காரவ, மாதா கோயிலுக்குப் போறவ வேற.”

பேச்சித்தாய் சொன்னாள்: “இத்தன வருசம் எந்த வழக்கத்துல அவருக்கு மூச்சு வந்துச்சு? அவ தூக்கட்டும்.”

கூடத்துக்குள் பாடை பூவாக வந்தது. நிலைப்படியைத் தாண்டியதும் எடை இறங்கியது. மூங்கில் தெக்ளாவின் தோள் எலும்பில் உட்கார்ந்தது, முழங்கால் மடங்கப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க் கிரகத்துக்கும் வால்நட்சத்திரத்துக்கும் போய்வந்தவள். தோளில் ஒரு பாரம் என்றால் என்ன என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு படியிலும் அது கூடியது. இதைத்தான் அவன் பதினைந்து வயதிலிருந்து சுமந்தான். இதைத்தான் அவர்கள் அவன் மேல் திரும்ப இறக்கினார்கள், மூன்று நாளைக்குத்தானே என்று.

தெருவில் இறங்கியபோது எதிரே ஒரு கார் நின்றிருந்தது. சங்கத்துப் புதுச் செயலாளர், இளவயதுக்காரர், கையில் மாலையோடு காரை விட்டு இறங்கினார். பின் ஸீட்டில் கருங்கல் பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதில் வேதமூர்த்தியின் பெயர் பெரிய எழுத்தில் வெட்டியிருந்தது, பளபளவென்று தங்க மை ஊற்றி.

“அம்மா, நீங்கள்தானே தெக்ளா அம்மா? நம் இலக்கியம் பிறந்த இடம் என்று இந்தக் கல்லை உங்கள் ஹோட்டல் வாசலில் பதிக்கலாம் என்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. துக்க வீடு போலிருக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள். இரண்டே நிமிஷம். இடத்தை மட்டும் காட்டிவிட்டால் போதும்.”

பின்னாலிருந்து சுடலைமாடன், “தோள் மாத்திக்கிடுங்கக்கா,” என்றார்.

“வேண்டாம்,” என்றாள் தெக்ளா.

பாரத்தோடு நிற்க முடியாது, நின்றால் கொன்றுவிடும், நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்கு உடம்பிலேயே தெரிந்தது. அவள் செயலாளரின் முகத்துக்கு நேரே நடந்தாள். தொண்டையிலிருந்து வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மூட்டையோடு ஓடுகிறவர்கள் துறைமுக வாசலில் போடுகிற குரல்.

“வழி விடு.”

செயலாளர் மாலையோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். ஒரு காரும் ஒரு பாடையும் ஒன்றையொன்று தாண்ட முடியாத தெரு அது. பின்னால் வந்த மூட்டைக்காரர்கள் எல்லோரும், உப்பளத்துப் பெண்கள் எல்லோரும், அந்தக் குரலை எடுத்துக்கொண்டார்கள். டிரைவர் ஒருதரம் அவர்களைப் பார்த்தான், அவசரமாகக் கதவைச் சாத்திப் பின்கியர் போட்டான். வழி விடு, வழி விடு என்று அவர்கள் நடக்க நடக்க, ஸீட்டில் சாய்ந்த கல்லையும் சுமந்துகொண்டு, கார் பின்வாங்கிப் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தது, தெரு முடிகிற வரைக்கும்.